லாட்டரியில் விழாத எண்

மியாகாவ்,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும்

என் செல்ல மகள் மரிஃபேவுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும், கோழிகளும், போன புயலில் பறந்துபோய் எதிர்வீட்டு ரோசிங்கின் தோட்டத்தில் கண்டெடுத்து மறுபடி அடித்த கூரைத் தகரமும் சௌக்கியம். அங்கே நீ சௌக்கியமா, டப்ளின் குளிருக்குக் காலுறையை இரட்டையாகப் போட்டுக்கொள்கிறாயா, ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து சூடாக ஏதாவது சாப்பிடுகிறாயா அல்லது ரொட்டியைக் கடித்துக்கொண்டே தூங்கிவிடுகிறாயா, எல்லாம் எழுது. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று யோசிப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நினைத்துப் பார், உனக்கே புரியும். நீ திரையில் வந்து "அப்பா" என்று கூப்பிட்டாய், அவர் இடது கை விரலை நீட்டித் தட்டினார், நீ மறைந்துபோனாய். மறுபடி கூப்பிட்டாய், மறுபடி தட்டினார். அதற்கப்புறம் நீ அழுதுகொண்டே சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "அம்மா, அப்பாவுக்கு என்னைப் பாக்கவே பிடிக்கல, என் மூஞ்சி தெரிஞ்சாலே கட் பண்ணிடறாரு, கிறிஸ்துமஸுக்கு நான் வந்து மட்டும் என்ன ஆகப்போகுது, அந்த டிக்கெட் காசுக்கு அவருக்கு இன்னும் நல்ல மெஷினா ஒண்ணு வாங்கி அனுப்பிடறேன், நான் வரல" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் விரல் மறுபடி வந்துவிட்டது. இன்றைக்கு நீ கூப்பிடவும் இல்லை. அதனால்தான் காகிதம். இதை யார் எங்கே தட்டினாலும் அணையாது. ரோசிங்கின் மகள் கிளேர் செவ்வாய்க்கிழமை டப்ளினுக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தைப் பாதியில் மடித்து வைக்காதே, கடைசி வரை படி, முக்கியமான விஷயம் உள்ளே இருக்கிறது, ஆனால் அதை நேராகச் சொன்னால் நீ நம்பமாட்டாய், வழியோடு வந்துதான் சொல்லவேண்டும்.

முதலில் ஒரு சண்டையைத் தீர்த்துவிடுகிறேன். எதை அனுப்பினாலும் நான் பழசே நல்லது என்று சொல்கிறேன் என்பது உன் குறை. அப்படி இல்லை பெண்ணே. உன் அப்பா ஊருக்கு ஊர் சவாரி ஏற்றி ஜீப்னி வண்டி ஓட்டிய காலத்தில் எண்ணெயும் புழுதியுமாக அவர் கழற்றிப் போட்ட கால்சட்டைகளை ஆற்றங்கரைக் கல்லில் அடித்துத் துவைத்தவள் நான். கையால் துவைத்தால்தான் துணிக்கு ஆயுசு என்று எவராவது என்னிடம் வந்து சொல்லட்டும், ஈரப் போர்வையாலேயே நாலு போடுவேன். சலவை இயந்திரம் கண்டுபிடித்தவன் சொர்க்கத்தில் நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த அரிசிக் குக்கரும் அப்படித்தான், ஒரே ஒரு பொத்தான், அமுக்கினால் வேகும், வெந்தால் டக்கென்று எழும், என்னிடம் ஒரு கேள்வி கேட்காது. அப்புறம் இரண்டாவதாக ஒன்று அனுப்பினாயே, வெள்ளையாக, முட்டை மாதிரி, அதுதான் என்னை வதைக்கிறது. மூடியை மூடினால் பாட்டுப் பாடுகிறது. என்ன அரிசி, எவ்வளவு குழைவு, எத்தனை மணிக்குத் தயாராக வேண்டும் என்று வரிசையாகக் கேட்கிறது. பசியோடு வந்தவளை உட்காரவைத்துப் பரீட்சை வைக்கிறது. அதில் நான் மூன்று தடவை சோறு வைத்தேன், மூன்று தடவையும் கஞ்சிதான் கிடைத்தது, கோழிகளுக்குக் கொண்டாட்டம். இப்போது அதில் பூண்டு போட்டு வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே, பூண்டு முளைவிடாமல் நன்றாக இருக்கிறது. நான் சொல்லவந்தது, புதுசா பழசா என்பது எனக்குக் கணக்கே இல்லை. சாமான் என் வேலையைக் குறைக்கிறதா, இல்லை அதற்கு நான் வேலை செய்யவேண்டுமா, அவ்வளவுதான். இதுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், நேற்றைக்கு அதையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன், அதைத்தான் சொல்லப்போகிறேன்.

உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனபின், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா சொன்னாள், பேச்சு போனாலும் சிலருக்குப் பாட்டு போவதில்லை, பாடவையுங்கள் என்று. நல்ல பெண், அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. நீயும் கேட்ட மறுநாளே அந்தப் புது மைக்கை அனுப்பினாய், கூடவே போனில், "அந்தப் பழைய பெட்டி ஆள் உயரத்துக்கு நிக்குதும்மா, அப்பா தடுக்கி விழுந்துடுவாரு, பெனிங் சித்தப்பாவுக்குக் குடுத்துடு" என்றாய். எனக்கும் அந்த மூலை காலியானால் தையல் மெஷினைப் போடலாம் என்றிருந்தது. உன் சித்தப்பா பெனிங் இலவசம் என்றால் சவப்பெட்டியையும் சுமந்துபோகிறவன், அன்று சாயங்காலமே தள்ளுவண்டியோடு வந்து, நாம் இசையைப் போட்டுக் கூடவே பாடுகிற அந்தக் கரோக்கே பெட்டியை எடுத்துப் போய்விட்டான். இப்போது ஊர் முழுக்க ஞானஸ்நானம், பிறந்தநாள், கல்யாணம் எல்லாவற்றுக்கும் அதை வாடகைக்கு விட்டு நன்றாகத்தான் இருக்கிறான். போகும்போது உன் அப்பா நாற்காலியிலிருந்து கையை நீட்டினார், தம்பிக்கு வழியனுப்புகிறார் என்று நினைத்தோம்.

புது மைக் உள்ளங்கையில் அடங்கியது, ஒலிபெருக்கி அதிலேயே, விளக்கு வேறு பச்சையும் ஊதாவுமாக எரிந்தது, எவ்வளவு கனமில்லாமல் இருக்கிறது என்று நான் வாங்கிப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். பாட்டின் பெயரைச் சொன்னால் போதும், டிவியில் பாட்டு வந்துவிடும் என்று கிளேர் காட்டிக்கொடுத்தாள். உன் அப்பா கையில் வைத்தோம். அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல், எந்தப் பாட்டு வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டது. அவர் "அ... அ..." என்றார். புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றது. அவர் மறுபடி முயன்றார், கழுத்து நரம்பெல்லாம் எழுந்து நின்றது. புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றது. அந்தக் குரலுக்குக் கோபமே வராது, அதுதான் கொடுமை. இந்த மனுஷன் யார் தெரியுமா உனக்கு, ஜீப்னியின் படியில் தொங்கிக்கொண்டு "இலோய்லோ, இலோய்லோ, இன்னும் ரெண்டு பேரு, ஒல்லியா இருந்தா மூணு பேரு" என்று இவர் கத்தினால் சந்தையின் அந்தக் கோடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த நானே நிமிர்ந்து பார்ப்பேன், அப்படித்தான் எங்கள் காதலே ஆரம்பித்தது. அவர் மைக்கை மெதுவாக மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். நானே ஒரு பாட்டின் பெயரைச் சொல்லிப் போட்டேன், அது அவருக்கு வேண்டிய பாட்டா என்று எனக்கு எப்படித் தெரியும், இருந்தாலும் எனக்காக இரண்டு வரி முனகினார். முடிந்ததும் திரையில் பெரிய எழுத்தில் பதினொன்று என்று மதிப்பெண் வந்தது, கீழே சுருதி சேரவில்லை, பயிற்சி செய்யவும் என்று வேறு. நம் பழைய பெட்டி யாருக்காவது தொண்ணூறுக்குக் கீழே போட்டிருக்கிறதா சொல். பாதிரியாருக்கும் தொண்ணூறு, குடித்துவிட்டு வந்தவனுக்குத் தொண்ணூற்றாறு, ஒருநாள் மைக்கைத் தரையில் வைத்துவிட்டு எல்லாரும் சாப்பிடப் போனபோது நாய் குரைத்ததற்கு எண்பத்தொன்பது. அது பொய் சொல்லும் பெட்டிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பொய்யை நம்பித்தான் ஊரே பாடியது. புதுசு நிஜத்தைச் சொல்கிறது, அதற்கப்புறம் உன் அப்பா வாயைத் திறக்கவே இல்லை.

அதற்குக் கொஞ்ச நாளில்தான் இந்த எண் விவகாரம் ஆரம்பித்தது. உனக்கு நான் சொல்லவில்லை, சொன்னால் பயப்படுவாய் என்று விட்டேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடி தண்ணீர் டம்ளரில் விரலை நனைத்து, பிளாஸ்டிக் விரிப்பின்மேல் எண்களை எழுதினார். ஓர் எழுத்து வராது, அவர் பெயரைக்கூட எழுதமாட்டார், எண்கள் மட்டும் நாலு இலக்கமாக அச்சுப்போல வரும். எழுதிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். அது காய்ந்துவிட்டால் மறுபடி எழுதுவார். மூளையில் இன்னும் ஏதோ அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு முடிதிருத்துகிற தினோ அவருக்குச் சவரம் செய்ய வந்தான், மேஜையைப் பார்த்தான், கத்தியைக் கீழே வைத்தான். "அக்கா, இது சாதாரண நம்பர் இல்ல, சாவு வாசலைத் தொட்டுட்டு வந்த மனுஷன் எழுதறாரு, கடவுளே சொல்லி அனுப்பின நம்பர்" என்றான். உனக்கு நம் ஊரைத் தெரியுமே. செத்த மாமா கனவில் வந்தாலும் முதலில் என்ன எண் சொன்னார் என்றுதான் கேட்பார்கள். தினோ ஓடிப்போய்க் கடைசி மூன்று இலக்கத்தை மூணு எண் லாட்டரியில் கட்டினான். கர்த்தருக்கு விளையாட்டுக் குணம் அதிகம், அன்றைக்குப் பார்த்து அது விழுந்துவிட்டது.

அப்புறம் கேட்கவா வேண்டும். காலையில் நான் கதவைத் திறந்தால் வாசலில் ஆட்கள். ஒருத்தி சுடச்சுட ரொட்டி கொண்டுவருவாள், ஒருத்தன் மாம்பழம், எல்லாருக்கும் உன் அப்பாவின் உடம்பைப் பற்றித் திடீரென்று ஒரே அக்கறை. "அண்ணே, இன்னைக்கு எழுதலையா, தண்ணி வேணுமா அண்ணே" என்று டம்ளரை நகர்த்தி நகர்த்தி வைப்பார்கள். அவர் எழுதுவார், அவர்கள் கைதட்டிவிட்டு ஓடுவார்கள், அவர் அவர்கள் முதுகைப் பார்த்து "அ... அ..." என்று கத்துவார், கடைசியில் கோபம் வந்து சட்டைக் கையால் மேஜையைத் துடைப்பார். அவர் துடைத்ததற்கும் ஓர் அர்த்தம் சொன்னார்கள், அந்த எண்ணைக் கட்டக்கூடாதாம். நீ சிரிக்காதே, நானும் கட்டினேன். தினமும் காலையில் நான் காபியை வைக்கும்போது 1190 என்று எழுதுவார், எழுதிவிட்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பார், எனக்கென்று தனியாகக் கொடுக்கிறார் என்று பெருமையாகப் பத்துப் பெசோ கட்டுவேன், போய்விடும். ஆனால் எல்லாவற்றிலும் அதிகம் எழுதியது 6082. அது வரும் நேரமும் எனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை உன் போன் மணி அடித்ததும் விரல் டம்ளருக்குப் போகும். தினோ அதைக் கட்டிக் கட்டித் தோற்று, "அக்கா, அண்ணனை அந்த நம்பரை மட்டும் எழுத வேணாம்னு சொல்லுங்க, அது சனியன் புடிச்ச நம்பரு, என் குடும்பமே கவுந்துடும்" என்று என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டான். நானும் அதை எழுதினால் உடனே துணியால் துடைத்துவிட்டுப் போனை அவர் முகத்துக்கு நேரே பிடிப்பேன். அப்போதுதான் அவர் திரையைத் தட்டுவார்.

இனி நேற்றைய கதை. ரோசிங்கின் பேரனுக்கு ஞானஸ்நானம், பின்முற்றத்தில் பந்தல் போட்டு முழுப் பன்றி சுட்டிருந்தார்கள், நான் நூடுல்ஸ் தாளித்துக் கொடுக்கப் போயிருந்தேன், அப்பாவை வேலியோரம் நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தேன். சாப்பாடு பாதி நடக்கும்போது பெனிங் தள்ளுவண்டியில் கரோக்கே பெட்டியோடு வந்தான், ரோசிங் வாடகைக்குச் சொல்லியிருக்கிறாள். மின்சாரத்தில் செருகியதும் அந்தப் பெட்டி முதலில் ஒரு டிங்டிங் இசை போடுமே, நீ குழந்தையாக இருந்தபோது அதற்கு ஆடுவாயே, அது கேட்டது. நான் நூடுல்ஸ் தட்டோடு திரும்புகிறேன், உன் அப்பா நாற்காலியில் இல்லை. தடியை ஊன்றிக்கொண்டு, அந்த வலது காலை இழுத்து இழுத்து, பன்றி வைத்த மேஜையைச் சுற்றி, பாடிக்கொண்டிருந்த தினோ முன்னால் போய் நின்று அவன் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கினார். "அண்ணே, என் பாட்டு இன்னும் முடியல அண்ணே" என்று அவன் கெஞ்சுவதற்குள் பாட்டை நிறுத்திவிட்டு, நெஞ்சோடு ரிமோட்டை அணைத்துப் பிடித்து, இடது கட்டைவிரலால் நாலு பொத்தானை அமுக்கினார். திரையில் 1190 என்று வந்தது. அதற்கப்புறம் இசை வந்தது. எங்கள் கல்யாணத்தில் அவர் பாடின பாட்டு, மகளே. பாடினார். முனகவில்லை, பாடினார். ஒரு வார்த்தை விடவில்லை, காலையில் தண்ணீர் என்று கேட்கமுடியாத வாய், இரண்டு சரணமும் முழுசாகப் பாடியது. குரல் கரகரத்தது, அங்கங்கே இசைக்கு முன்னாலேயே ஓடினார், அதெல்லாம் முன்பும் உண்டு. நான் நூடுல்ஸ் தட்டை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை, ரோசிங் இன்னும் அந்தத் தட்டைத் தேடுகிறாள். பெட்டி வழக்கம்போலப் பொய் சொல்லி தொண்ணூற்றெட்டு போட்டது, பந்தலே எழுந்து கைதட்டியது.

கைதட்டல் நடுவில் தினோ திரையைக் காட்டி அலறினான். "அக்கா, 1190, இது உங்க லாட்டரி நம்பராச்சே!" அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் காலையில் காபியை வைக்கும்போது அவர் என்னிடம் அந்தப் பாட்டைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், நான் அதன் தலையை வெட்டிப் பத்துப் பெசோ கட்டிக்கொண்டிருந்தேன். நீ கேட்பாய், இத்தனை வருஷம் அந்தப் பெட்டியோடு வாழ்ந்தவர்களுக்கு எண் தெரியாதா என்று. பெட்டியில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நாலு இலக்க எண், அவரவர் பாட்டு எண் அவரவருக்கு மனப்பாடம், அடுத்தவர் எண்ணை யார் நினைவு வைத்துக்கொள்கிறார்கள். நான் பாடுகிறவளும் இல்லை, எப்போதும் அடுப்படியில்தான் நின்றேன், பாட்டு வந்து காதில் விழும், எண் விழாது. ரிமோட்டை உன் அப்பா ஸ்டீயரிங்கைப்போல யாரிடமும் விடமாட்டார், எல்லாருக்கும் அவர்தான் எண் போடுவார். பெட்டி போனதும் அவருடைய சொற்கள் எல்லாம் வெறும் எண்ணாகிவிட்டன.

அதற்கப்புறம் பந்தலில் நடந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். எண் கட்டித் தோற்றவர்கள் அத்தனை பேரும் பெட்டியைச் சுற்றிக்கொண்டார்கள். "என்னோடது 3315, அதைப் போடு", "எனக்கு 4520 எழுதிக் குடுத்தாரு, அது என்னன்னு பாரு" என்று ஒரே கூச்சல். 3315 என்பது பசித்த பிரம்மச்சாரி சோறு எப்போது வரும் என்று பாடும் பாட்டு, நான் சமையலுக்குத் தாமதமாகும் நாளில் எழுதுவார். 4520 என்பது கூட்டத்தைப் பார்த்து வீட்டுக்குப் போங்கடா என்று விரட்டுகிற குடிகாரன் பாட்டு, அதைக் கடவுள் வாக்கென்று பாதி ஊர் கட்டியிருக்கிறது. தினோவுக்குப் பரிசு விழுந்த எண்ணைப் போட்டால், வெட்டிப் பெருமை பேசிக்கொண்டு அடுத்தவன் சாமானில் வாழ்கிறவனைக் கேலி செய்யும் பாட்டு வந்தது. அவர் அந்த எண்ணை எழுதிய அன்றைக்கு மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தது உன் பெனிங் சித்தப்பாதான் என்று எனக்கு ஞாபகம் வந்தது, அவனுக்கும் வந்திருக்கவேண்டும், "இந்தப் பாட்டு நீளமா போவுது, மாத்துங்கப்பா" என்றான். உன் அப்பா சிரித்தார் பார், தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, இந்த நோய் வந்தபின் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

6082 மட்டும் யாரும் கேட்கவில்லை, சனியன் பிடித்த எண் ஆயிற்றே. நான்தான் போய் ரிமோட்டை வாங்கி, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, தேடித்தேடி அமுக்கினேன். வந்தது உன் படகுப் பாட்டு. ஊர்த் திருவிழா மேடையில் மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு நீ பாடினாயே, இரண்டாம் சரணத்தில் வார்த்தை மறந்து உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்ததும், சவாரி ஏறி உட்கார்ந்திருந்த ஜீப்னியை நடுத்தெருவில் விட்டுவிட்டு, கழுத்துத் துண்டோடு மேடையில் ஏறி மிச்சத்தை உனக்காகப் பாடி முடித்தாரே, அந்தப் பாட்டு. அதற்கப்புறம் வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் அதைப் போட்டு மைக்கை உன் கையில் திணிப்பார், நீ வளர்ந்தபின் வெட்கப்பட்டு ஓடுவாய், நினைவிருக்கிறதா. நேற்று இசை ஆரம்பித்ததும் அவர் சிரிப்பு நின்றது. மைக்கை எடுத்தார், பாடப்போகிறார் என்று நினைத்தேன், பாடவில்லை. என் பக்கமாக வந்தார். என்னிடம் கொடுக்கவில்லை. என் சமையல் மேலாடைப் பையில் போன் இருந்தது, அந்தப் பைக்கு நேரே மைக்கை நீட்டிப் பிடித்துக்கொண்டு, பாட்டு முடியும் வரை அப்படியே நின்றார். நீ பாடுவாய் என்று காத்திருந்தார் மரிஃபே.

இப்போது புரிகிறதா. அவர் வேண்டுமென்று உன் போனைத் துண்டிக்கவில்லை. உன் முகம் தெரிந்ததும் உன் பாட்டைப் போட முயன்றார். போனும் எண் அமுக்குகிற சாமான்தானே என்று அவருக்கு நினைப்பு, ஆனால் அந்தக் கண்ணாடியில் பொத்தான் இல்லை, ஒரு சிவப்பு வட்டம்தான் இருந்தது, தட்டுவதெல்லாம் அதன்மேல்தான் விழுந்தது. உன்னைப் பார்க்கப் பிடிக்காமல் தட்டினார் என்று நீ அங்கே அழுதாய், நீ ஏன் மறைந்துபோகிறாய் என்று தெரியாமல் இவர் இங்கே ஞாயிறு முழுக்கச் சாப்பிடாமல் இருப்பார், நடுவில் நான் ஈரத் துணியோடு உன் பெயரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டி நேற்றுச் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டது. பெனிங் அதைத் தானே தள்ளிக்கொண்டு வந்து பழைய மூலையில் நிறுத்தினான், தையல் மெஷின் மறுபடி படுக்கையறைக்குப் போனது. "அண்ணனோட வாயை நான் வாடகைக்கு விட்டுட்டேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு அழுதான், அவனை நான் இனி திட்டமாட்டேன், ஒரு வாரத்துக்கு. அப்பா இன்று காலையில் காபி வந்ததும் 1190 போட்டார், பூசைக்குப் போகும்வரை நானும் மெதுவாகச் சேர்ந்து பாடினேன். சோற்றுக்குத் தாமதமானதும் 3315 போட்டார், மூன்று தடவை போட்டார், வீட்டில் இப்போது மறுபடி சண்டை போட ஆள் இருக்கிறது. உன் புது மைக்கையும் நான் தூக்கிப் போடவில்லை, பயப்படாதே. எனக்குப் பேச்சு வருகிறது, அதனிடம் பெயரைச் சொன்னால் கேட்கிறது, கனமில்லை, மீன் கழுவிக்கொண்டே பாடலாம். எனக்குப் பன்னிரண்டு மதிப்பெண் போட்டது, உன் அப்பாவைவிட ஒன்று அதிகம், அவரிடம் சொல்லிக் காட்டினேன். இனிமேல் எந்தச் சாமானையும் புதுசு, பழசு, என் வேலை குறைகிறதா என்றுகூடப் பார்க்கப்போவதில்லை. உன் அப்பா கையில் கொடுத்துப் பார்ப்பேன். அவரைப் பேசவைத்தால் நல்ல சாமான், மறுபடி சொல்லுங்கள் என்றால் அது எவ்வளவு விலையானாலும் பூண்டு போடத்தான்.

ஆகையால் டிக்கெட் காசுக்கு எந்த மெஷினும் வாங்காதே. உனக்கு லீவு கிடைக்காது, வேலை நெருக்கடி என்றால் அது வேறு, நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் வராமல் இருந்துவிடாதே, அந்தக் காரணம் நேற்றோடு செத்துப்போயிற்று. நான் உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு நீ வேண்டும். அரிசிக் குக்கரும் மைக்கும் அனுப்புகிற மகள் எனக்கு உண்டு, கிறிஸ்துமஸ் ராத்திரி உணவுக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து பன்றித் தோலுக்குச் சண்டை போடுகிற மகள் இல்லை. அதுவரை, வரும் ஞாயிறு நீ கூப்பிடும்போது போனை நான் பெட்டியின்மேல் உயரத்தில் நிறுத்தி வைப்பேன், அவர் விரல் எட்டாது. அவர் ரிமோட்டில் போடுவார், இசை உனக்குக் கேட்கும். நீ பாடு. பக்கத்து அறைத் தோழிகள் சிரித்தால் சிரிக்கட்டும். இரண்டாம் சரணம் மறந்துவிட்டால் பயப்படாதே, அதை எப்போதும் யார் பாடி முடிப்பார் என்று உனக்குத் தெரியும்.

கிளேரிடம் கொடுத்த பொட்டலத்தில் கருவாடு இருக்கிறது, மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறேன், பஸ்ஸில் பிரிக்காதே, அந்த ஊர்க்காரர்கள் போலீஸைக் கூப்பிடுவார்கள். உலர்ந்த மாம்பழமும், நீ கேட்ட வறுத்த ரொட்டியும் உண்டு, கிளேருக்கும் பங்கு கொடு. காலுறையை மறக்காதே. படுக்கும்முன் ஒரு ஜெபமாவது சொல். கன்னி மாதா உன் நெற்றியில் கை வைத்து உன்னைக் காப்பாளாக, உன் கைபட்ட நோயாளிகள் எல்லாரும் எழுந்து நடப்பார்களாக, உன் அம்மாவின் முத்தமும் ஆசீர்வாதமும் எப்போதும் உன்மேல் இருக்கட்டும்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா, நெனிதா

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுதி முடிக்கக் காத்திருந்து, இப்போது பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். கீழே இருப்பது அவர் இடது கையால் எழுதியது. லாட்டரியில் கட்டிவிடாதே.

6082